வரைபடத்தில் குடியிருக்க முடியாது

(ஓமந்தையில் உயர்தர மாணவர்கள், பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இது கணினிப் பேச்சா, வீட்டுத்திட்டப் பேச்சா என்று தலைப்பைப் பார்த்த ஒருவர் விசாரித்தாராம். இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. செய்நிரல் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் ஒரு கிளாஸை எழுதிவிட்டு, அதிலிருந்து ஒப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கும் இடத்தில் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள், தடுமாறினால் எப்படி எழும்புவது என்பதுதான் இன்றைய விடயம். பாடப்புத்தகம் வகுப்பு, பொருள் என்று எழுதும். வகுப்பறையில் இருந்துகொண்டு வகுப்பைப் பற்றிப் பேசினால் எந்த வகுப்பு என்று குழப்பம் வரும். ஆகையால் மாணவர் வாயில் புழங்குகிறபடி கிளாஸ், ஒப்ஜெக்ட் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தவர்களுக்குப் பைதன் தெரியும். மாறி, நிபந்தனை, சுற்று, சார்பு வரைக்கும் பெரும்பாலானவர்கள் நன்றாகவே வருகிறார்கள். கிளாஸ் வந்ததும்தான் முகம் மாறுகிறது. இதே பிள்ளைகள் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்கோ போய், முதலாண்டிலேயே ஒப்ஜெக்ட் இல்லாமல் ஒரு அடியும் வைக்க முடியாது என்று கண்டு திகைக்கிறார்கள். வரைவிலக்கணம் கேட்டால் அட்சரம் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். ஒன்றை ஆக்கிக் காட்டு என்றால், "சேர், ரன் ஆகுது, ஆனா ஒண்டும் சரியா வருதில்லை" என்பார்கள். அந்த "ஒண்டும் சரியா வருதில்லை" என்பதற்குள் நாலைந்து வேறு வேறு வழுக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அடிவரை தோண்டினால் அகப்படுவது ஒரே கேள்விதான்: இது யாருடையது? கிளாஸுடையதா, இந்த ஒப்ஜெக்டுடையதா, வேறொரு ஒப்ஜெக்டுடையதா?

ஒப்ஜெக்ட் என்ற எண்ணம் பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். அது வரிசையிலிருந்து பிறந்தது. 1960களில் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணினி நிலையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இருவர் நிசமான அமைப்புகளைக் கணினிக்குள் போலச் செய்துபார்க்க ஒரு மொழி வேண்டுமென்று உழைத்தார்கள். ஆட்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள், ஒரு கருமபீடத்தில் வேலை முடிகிறது, போகிறார்கள். கருமபீடம் ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்து வரிசை எவ்வளவு நீளும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண உருவானது சிமுலா. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வந்த நேரம், கையிலுள்ள பொதி, செய்ய வேண்டிய வேலை என்று சொந்த விபரங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான நடத்தையை ஒரு தடவை எழுதி, ஆட்களை எத்தனையும் உருவாக்கிக்கொள்ள வழி வேண்டும். அந்த வழிதான் கிளாஸும் ஒப்ஜெக்டும். 1967இன் சிமுலா 67இல் இவை இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்துவிட்டன. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002இல் இருவருமே மறைந்தார்கள்.

வரிசை என்றால் என்ன என்று ஓமந்தைக்கு நோர்வேக்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வந்தது சமாதான அலுவலாக. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது இங்கே சோதனைச் சாவடியில் வாகனங்கள் நின்ற நீளமும், இறங்கி, பொதியோடு நடந்து, பதிந்து, மறுபடி ஏறின கதையும் இந்த மண்டபத்திலுள்ள பெரியவர்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடி 2015இல் எடுபட்டுவிட்டது. இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது கேள்விப்பட்ட கதை. 2009இல் இதே இடத்தைக் கடந்தவர்களின் வரிசையை நான் செய்நிரலாக்க மாட்டேன். அதைப் பேச வேறு மேடையும் வேறு மொழியும் வேண்டும். 2002க்கும் 2006க்கும் இடைப்பட்ட பஸ் லொறி வரிசையை மட்டும் இன்றைய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சிமுலாவைச் செய்தவர்கள் பார்த்தால், எங்களுக்கேற்ற கணக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வாகனம் என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். அதற்கு இலக்கம் இருக்கிறது, பயணிகள் பட்டியல் இருக்கிறது, ஏற்று என்ற செயலும் நகர் என்ற செயலும் இருக்கின்றன. 2008இல் வெளிவந்த பைதன் 3 தொடக்கம் கிளாஸுக்கும் மாறிக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். ஆகவே நான் காட்டும் வரிகளைத் தட்டச்சு செய்தால் அப்படியே ஓடும்.

முதல் வரி இது:

பஸ்1 = வாகனம்

எழுதியவர் ஒரு பஸ்ஸை ஆக்கிவிட்டதாக நினைக்கிறார். பைதன் ஒரு முறைப்பாடும் சொல்லாது. ஆனால் அங்கே பஸ் இல்லை. வாகனம் என்ற கிளாஸுக்கே பஸ்1 என்று இன்னொரு பெயர் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் அடைப்புக்குறி வேண்டும்:

பஸ்1 = வாகனம்()

இங்கேதான் வீட்டுத்திட்டம் வருகிறது. கிளாஸ் என்பது வரைபடம், ஒப்ஜெக்ட் என்பது வீடு என்று உலகம் முழுக்கப் புத்தகங்களில் இருக்கும் உவமை பல ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறும் வார்த்தை. வன்னிப் பிள்ளைக்கு அது அனுபவம். 50,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில், பயனாளிக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாக வந்து, சொந்தக்காரரே முன்னின்று கட்டிய வீடுகள் இந்தப் பகுதியெங்கும் நிற்கின்றன. வரைபடத்தைக் கையில் வைத்திருந்த காலம் எத்தனை மாதம், அத்திவாரம் வெட்டிய நாள் எது, குடிபுகுந்த நாள் எது என்று அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், வேறு வேறு திகதி சொல்வார்கள். அடைப்புக்குறி போடாமல் விடுவது, வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு "இந்தாங்கோ உங்கட வீடு" என்பதற்குச் சமம்.

அடைப்புக்குறியை மறந்ததன் விளைவு உடனே தெரியாது என்பதுதான் இதில் கெட்ட பகுதி. பஸ்1 = வாகனம், பஸ்2 = வாகனம் என்று எழுதிவிட்டு, பஸ்1.இலக்கம் என்பதற்கு ஒரு பெறுமதியும் பஸ்2.இலக்கம் என்பதற்கு இன்னொரு பெறுமதியும் கொடுக்கிறார் மாணவர். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் பஸ்2இன் இலக்கத்தையே காட்டுகின்றன. இரண்டு பெயரும் ஒரே வரைபடத்தைத்தானே குறிக்கின்றன. பிந்தி எழுதியது முந்தி எழுதியதை அழித்துவிட்டது. பிறகு பஸ்1.நகர்() என்று அழைத்ததும் ஒரு வழுச் செய்தி வருகிறது: ‘மிஸிங் 1 ரிக்வயர்ட் பொசிஷனல் ஆர்கியுமென்ற்: செல்ஃப்’. கொடுக்க வேண்டிய ஒன்று குறைகிறது, அதன் பெயர் செல்ஃப் என்கிறது பைதன். இதைக் கண்ட மாணவர் என்ன செய்கிறார்? அடைப்புக்குறிக்குள் செல்ஃப் என்று எழுதிப் பார்க்கிறார். அதற்கு வேறொரு வழு வருகிறது. பிறகு நகர் என்ற செயலின் வரையறையிலிருந்து செல்ஃபை அழித்துப் பார்க்கிறார். வழுச் செய்தி மறைகிறது! வேலை முடிந்தது என்று எழும்பிப் போகிறார். நோய் முதல் வரியில், மருந்து பத்தாவது வரியில், அதுவும் பிழையான மருந்து.

ஆகவே பிள்ளைகளே, ‘செல்ஃப் குறைகிறது’ என்று செய்தி வந்தால் செல்ஃபைத் தேடி ஓடாதீர்கள். ஒப்ஜெக்ட் ஆக்கிய வரிக்குத் திரும்பிப் போய், அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

செல்ஃபைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைதனில் தொடக்ககாரர் அதிகம் இடறுவது இதில்தான். நகர் என்ற செயலை எழுதும்போது முதலாவதாகச் செல்ஃபைப் போட மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பஸ்1.நகர்() என்று வெறும் அடைப்புக்குறியோடு அழைக்கிறீர்கள். பைதன் சொல்கிறது: இந்தச் செயல் ஒன்றையும் ஏற்காது, ஆனால் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. மாணவருக்குக் கோபம் வருகிறது. "நான் ஒண்டும் குடுக்கேல்லையே சேர், ஆர் குடுத்தது?" நல்ல கேள்வி. கொடுத்தது அந்தப் புள்ளிக்கு இடப்பக்கத்தில் நிற்கும் பஸ்1. புள்ளி வைத்து ஒரு செயலை அழைத்தால், அந்த ஒப்ஜெக்டே முதல் ஆளாக அடைப்புக்குறிக்குள் சொல்லாமல் போய் இருந்துகொள்கிறது. நகர்ந்தது எந்த வாகனம் என்று செயலுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் செல்ஃப். அது பைதனின் கட்டளைச் சொல் அல்ல. வழக்கமாக வைக்கும் பெயர் மட்டுமே. தன் என்றோ இது என்றோ வைத்தாலும் ஓடும். ஆனால் உங்கள் நிரலை இன்னொருவர் வாசிக்க வேண்டுமென்றால் உலகம் வைக்கும் பெயரையே வையுங்கள்.

ஜாவாவும் சீ பிளஸ் பிளஸ்ஸும் இந்த முதல் ஆளை மறைத்தே வைக்கின்றன. பைதனைச் செய்த கீடோ வான் ரொஸம் அதை வெளியில் எழுதவேண்டும் என்று வைத்துவிட்டார். தொடக்கத்தில் இது தொல்லையாகத் தெரியும். கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பிடித்திருக்கிறது. யாருடையது என்ற கேள்வியை ஒவ்வொரு செயலின் வாசலிலும் எழுதிவைக்கச் சொல்கிறது அந்த மொழி.

அடுத்தது ஆக்குநர். ஒப்ஜெக்ட் உருவாகும் கணத்தில் தானாக ஓடும் செயல். பைதனில் அதன் பெயர் இனிட். முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. அச்சிட்ட புத்தகத்தில் இரண்டு அடிக்கோடுகள் ஒட்டி ஒரே நீளக்கோடாகத் தெரியும். பிள்ளை ஒன்றுதான் போடுகிறது. அல்லது இனிட் என்பதை அவசரத்தில் இண்ட் என்று அடித்துவிடுகிறது. பைதன் அதையும் ஏற்கும், ஏனென்றால் செயலுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். போதாக்குறைக்கு இண்ட் என்ற பெயரில் வேறொரு விசேட செயல் உண்மையாகவே இருக்கிறது. இரண்டு விதத்திலும் ஆக்குநர் எழுதப்படாதது போலத்தான். பஸ்1 = வாகனம்("62-1234") என்று இலக்கத்தைக் கொடுத்து அழைத்தால், ‘வாகனம் டேக்ஸ் நோ ஆர்கியுமென்ற்ஸ்’ என்று செய்தி வரும். வாகனம் ஒன்றையும் ஏற்காதாம். "நான் ஏற்கும்படிதானே எழுதினேன்" என்று தோன்றும் அந்த நேரத்தில் இனிட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். இந்தச் செய்தி வந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

ஆக்குநரைச் சரியாக எழுதிவிட்டு, உள்ளே இப்படி எழுதுவோரும் உண்டு:

இலக்கம் = இலக்கம்

இடப்பக்கத்தில் செல்ஃப், புள்ளி, அதன்பின் இலக்கம் என்று வரவேண்டும். இல்லாவிட்டால் வந்த பெறுமதியை வந்த பெறுமதிக்கே கொடுத்துவிட்டு, ஆக்குநர் முடிந்ததும் எல்லாம் காற்றோடு போய்விடும். பஸ் இருக்கிறது, இலக்கத் தகடு இல்லை. இது ஆக்கும்போது தெரியாது. இருபது வரி தள்ளி, வரிசையை அச்சிடப் போகும்போதுதான் இந்த வாகனத்துக்கு இலக்கம் என்று ஒன்றில்லை என்ற செய்தி வரும். மாணவர் அந்த அச்சிடும் வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வழு வெளிப்படும் இடமும் வழு நடந்த இடமும் வேறு வேறு என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. 2023இல் வந்த பைதன் 3.12 ஒருபடி மேலே போயிருக்கிறது. செயலுக்குள் வெறுமனே இலக்கம் என்று வாசிக்கப் பார்த்து அது கிடைக்காவிட்டால், ஒப்ஜெக்டில் அந்தப் பெயர் இருக்கும் பட்சத்தில், செல்ஃப் புள்ளி இலக்கம் என்று எழுத நினைத்தீர்களா என்று அதுவே கேட்கும். பாடசாலைக் கணினி அறைகளில் பழைய பதிப்புகள்தான் இன்னும் ஓடுகின்றன. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும், புதியதை ஏற்றிவிட்டால் உங்கள் வேலையில் ஒரு பங்கை அது செய்யும்.

இனி நான் அதிகம் நேரம் எடுக்கப்போகும் இடம். இதுவரை சொன்ன வழுக்கள் கத்திக் காட்டிக்கொடுக்கும் வழுக்கள். இது மௌனமான வழு.

பயணிகள் பட்டியலைக் கிளாஸின் மேற்பகுதியில், ஆக்குநருக்கு வெளியே எழுதுகிறார் மாணவர்:

பயணிகள் = []

வெற்றுப் பட்டியல். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. மேலே எழுதினால் எல்லா வாகனத்துக்கும் பயணிகள் பட்டியல் ஒன்று கிடைக்கும் என்று நினைக்கிறார். கிடைக்கிறது. எல்லா வாகனத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் கிடைக்கிறது!

பஸ்1 = வாகனம்("62-1234")
பஸ்2 = வாகனம்("62-5678")
பஸ்1.ஏற்று("கண்மணி")

பஸ்2இன் பயணிகளை அச்சிட்டால் அதிலும் கண்மணி. ஒருவரும் ஏறாத பஸ்ஸில் ஒருவர் இருக்கிறார். நூறு வாகனம் ஆக்கியிருந்தால் நூறிலும் அவர் இருப்பார். வீட்டுத்திட்டத்துக்கே திரும்பினால், வீட்டுக்குள் இருக்கவேண்டிய குடத்தை வரைபடத்தில் பொதுக் கிணறாக வெட்டியாயிற்று. எந்த வீட்டுக்காரர் உப்பைக் கொட்டினாலும் எல்லோருக்கும் உப்புத் தண்ணீர்.

இதைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. அந்த வரியை ஆக்குநருக்குள் கொண்டுபோய், முன்னால் செல்ஃப் புள்ளி போட்டால் ஒவ்வொரு வாகனமும் பிறக்கும்போது தனக்கென்று ஒரு வெற்றுப் பட்டியலோடு பிறக்கும். நல்ல மாணவர்களும் இதில் ஏன் விழுகிறார்கள் என்பதுதான் சுவையான விடயம். அவர்கள் முதலில் எண்ணை வைத்துப் பழகியிருப்பார்கள். எண்ணிக்கை = 0 என்று கிளாஸின் மேல் எழுதிவிட்டு, ஒரு செயலுக்குள் தன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டித் தன் எண்ணிக்கையாக வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது சரியாக ஓடும். பஸ்1க்கு 1, பஸ்2க்கு 0. ஏன்? வாசிக்கும்போது பைதன் முதலில் ஒப்ஜெக்டில் தேடும், இல்லாவிட்டால் கிளாஸில் தேடும். கிளாஸிலுள்ள 0ஐ எடுத்து, ஒன்றைக் கூட்டி, வந்த 1ஐ எழுதும்போது ஒப்ஜெக்டில் எழுதும். அந்தக் கணத்திலிருந்து பஸ்1க்குச் சொந்த எண்ணிக்கை வந்துவிடுகிறது. பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும்போதோ புதிதாக எழுதுவது எதுவுமில்லை. கிளாஸிலுள்ள பழைய பட்டியலைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே ஒருவரைத் திணிக்கிறோம். வாசிப்பது இரண்டு இடத்தில், எழுதுவது ஒரு இடத்தில். இந்த ஒரு விதியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டாமல், "பட்டியலை மேலே எழுதாதே" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அடுத்த வாரம் அகராதி அமைப்பை மேலே எழுதிக்கொண்டு வரும்.

கிளாஸில் பொதுவாக இருக்கவேண்டியவையும் உண்டு. சாவடி திறக்கும் நேரம் எல்லா வாகனத்துக்கும் ஒன்றுதான். இதுவரை ஆக்கப்பட்ட வாகனங்களின் மொத்தத் தொகை எந்தத் தனி வாகனத்துக்கும் சொந்தமில்லை. இவை கிளாஸில் இருக்கட்டும். இன்னொன்றையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: ஆக்குநரின் அடைப்புக்குறிக்குள் இயல்பான பெறுமதியாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தாலும் இதே கூத்துத்தான். அந்தப் பட்டியல் செயலை வரையறுக்கும்போது ஒரே தடவை உருவாகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாவதில்லை.

பத்து வாகனங்களை வரிசையில் நிறுத்தச் சொன்னால் இன்னொரு வழு. சுற்றுக்கு வெளியே ஒரே ஒரு வாகனத்தை ஆக்கிவிட்டு, சுற்றுக்குள் அதன் இலக்கத்தை மாற்றி மாற்றி வரிசையில் சேர்க்கிறார்கள். பத்துத் தடவை சேர்த்தாயிற்று. அச்சிட்டால் பத்து வரியிலும் கடைசி இலக்கமே. நின்றது ஒரு லொறி, அதைப் பத்துத் தரம் பதிந்திருக்கிறோம். ஆக்கும் வரி சுற்றுக்குள் வரவேண்டும். ஒரு வாகனத்தைப் பட்டியலில் போட்டுப் பத்தால் பெருக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. பெருகுவது குறிப்பு, வாகனம் பெருகாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பஸ்1ஐ அப்படியே அச்சிடுங்கள். வாகனம் ஒப்ஜெக்ட் என்றும், அதன்பின் பூச்சியத்தில் தொடங்கும் நீளமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றும் வரும். பிள்ளைகள் அதைக் கண்டதும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து திரையை மூடுகிறார்கள். அது வழு இல்லை. நாம் வழக்கமாகப் பாவிக்கும் பைதனில் அது அந்த ஒப்ஜெக்ட் நினைவகத்தில் இருக்கும் இடம். ஒரே நேரத்தில் இருக்கும் இரண்டு பெயர்களை அச்சிட்டு ஒரே இடம் வந்தால் ஒரே ஒப்ஜெக்ட். வேறு இடம் வந்தால் வேறு ஒப்ஜெக்ட். அடைப்புக்குறியை மறந்திருந்தால் இடமே வராது, கிளாஸ் வாகனம் என்று மட்டும் வரும். இன்று சொன்ன வழுக்களில் பாதியை இந்த ஒரு அச்சிடும் வரியால் பிடிக்கலாம்.

அப்படியானால் இரண்டு ஒப்ஜெக்டும் சமமா என்று கேட்பது எப்படி? பயணி என்று ஒரு கிளாஸ் எழுதி, ஒரே பெயரும் ஒரே அடையாள அட்டை இலக்கமும் கொடுத்து இரண்டு ஒப்ஜெக்ட் ஆக்குங்கள். இரட்டைச் சமன் போட்டுக் கேட்டால் பைதன் சமமில்லை என்று சொல்லும். விபரம் ஒன்றாக இருந்தாலும் இருப்பவை இரண்டு. எந்த விபரம் ஒத்தால் ஒரே ஆள் என்று கொள்ளவேண்டும் என்பதை நீங்கள்தான் கிளாஸுக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பெயரை வைத்துத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் நான் விளக்கத் தேவையில்லை. ஒரே பெயர் என்பதற்காக மணிக்கணக்கில் ஒரு ஓரமாக இருத்தப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். ஆனால் 2016 தொடக்கம் 12 இலக்கம் கொண்ட புதிய அட்டை வழங்கப்படுகிறது. பழையது ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். பழைய இலக்கத்தோடு பதிந்த ஒருவர் புதிய அட்டையோடு வந்தால் உங்கள் நிரல் அவரை யாரென்று சொல்லும்? இதற்கு மொழி விடை தராது. சிந்தித்துத்தான் எழுதவேண்டும்.

ஜாவா படிப்பவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே ஒப்ஜெக்ட் ஆக்க நியூ என்ற சொல் வேண்டும். சிமுலாவிலும் அதே சொல்தான். பத்து வாகனத்துக்கு அணி ஒன்றை ஆக்கினால் பத்து வாகனம் வந்துவிடாது, பத்து வெற்றிடங்கள் வரும். ஒவ்வொன்றிலும் நல் என்ற வெறுமை இருக்கும். அதைத் தொட்டவுடன் நல் பொயின்ரர் எக்ஸெப்ஷன். இந்த வெறுமையை 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழிக்காக ஆக்கிய ரோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர்ப் பிழை என்று சொன்னார். 2020இல் வந்த ஜாவாப் பதிப்புகளிலிருந்து எது வெறுமையாக இருந்தது என்பதைச் செய்தியே சொல்கிறது. ஆக்குநருக்கு முன்னால் வொயிட் என்று போட்டுவிடுவது ஜாவாக்காரரின் இன்னொரு வழக்கமான வழு. போட்டதும் அது ஆக்குநர் என்ற தகுதியை இழந்து சாதாரணச் செயலாகிவிடும், ஒருவரும் அதை அழைக்கமாட்டார்கள். சீ பிளஸ் பிளஸ்ஸில் இன்னும் வேடிக்கை. பைதனில் அடைப்புக்குறி போடாததால் வரும் தொல்லை அங்கே வெற்று அடைப்புக்குறி போட்டதால் வரும். வாகனம், பஸ், வெற்று அடைப்புக்குறி என்று எழுதினால் பஸ் என்றொரு சார்பு இருப்பதாக அறிவிக்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும்.

தமிழில் பெயர் வைப்பதில் நமக்கென்று தனியாக ஒரு வழு இருக்கிறது, அதை எந்த ஆங்கிலப் புத்தகமும் சொல்லாது. எரிபொருள் கொண்டுவரும் பௌசருக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். பௌ என்ற எழுத்தை ஔகாரக் குறியால் அடித்தால் ஒன்று. சிலர் ஒற்றைக் கொம்பை அடித்துப் பக்கத்தில் ள என்ற எழுத்தை அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொல். கிளாஸை ஒரு விதமாகவும் ஒப்ஜெக்ட் ஆக்கும் வரியை இன்னொரு விதமாகவும் அடித்தால், பௌசர் என்று எதுவும் இல்லை என்று பைதன் சொல்லும். நீங்களோ இருக்கிறதே என்று திரையைத் தொட்டுக் காட்டுவீர்கள். கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த கொகரத்தைப் பைதன் தானே ஒன்றாக்கிக்கொள்ளும், ஆனால் ளகரத்தை ஔகாரக் குறியாக்க அதற்கு நியாயம் இல்லை. இன்னும் மோசம், ஒப்ஜெக்டின் விபரமொன்றில் இந்தப் பிழை நேர்ந்தால் செய்தியே வராது. இல்லாத பெயருக்குப் பெறுமதி கொடுத்தால் பைதன் புதிதாக ஒரு விபரத்தை ஆக்கித் தந்துவிடும். பஸ்1.இலகம் என்று ககர ஒற்றை விட்டு எழுதினாலும் அப்படித்தான்: இலக்கம் பழையபடி இருக்க, பக்கத்தில் இலகம் என்று இன்னொன்று முளைக்கும். இந்த விபரங்கள் மட்டும்தான் அனுமதி என்று கிளாஸில் கட்டிப்போட ஸ்லொட்ஸ் என்ற வசதி உண்டு. தொடக்ககாரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பார்கள் சிலர். தமிழில் பெயர் வைக்கும் தொடக்ககாரருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கையை உயர்த்தியதும் நாங்கள் போய் விசைப்பலகையை வாங்கித் திருத்திவிடுகிறோம். நாற்பது பேருக்குப் பத்துக் கணினி இருக்கிற அறையில் அது விளங்கக்கூடியதே. ஆனால் அதற்குப் பதிலாக வழுச் செய்தியின் கடைசி வரியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பைதன் விசயத்தைக் கடைசி வரியில்தான் சொல்லும். பிள்ளைகளோ சிவப்பு எழுத்தைக் கண்டதும் மேலிருந்து தொடங்கி, இரண்டாம் வரியில் களைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் தடையென்றால் அந்தச் செய்திகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். இன்று நான் சொன்னவை ஏழெட்டுத்தான். ஒரு தாளுக்குள் அடங்கும்.

பெற்றோருக்கும் ஒன்று. வீட்டில் கணினி இல்லை, பிள்ளை எப்படிப் பழகும் என்று கேட்கிறீர்கள். உயர்தரப் பரீட்சையில் பைதன் கேள்விக்கு விடை எழுதுவது தாளில்தான். ஒப்ஜெக்டையும் தாளில் பழகலாம். ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் ஒரு பெட்டி, கிளாஸுக்கு மேலே தனியாக ஒரு பெட்டி, பெயர்களிலிருந்து பெட்டிகளுக்கு அம்பு. வரிக்கு வரி பென்சிலால் மாற்றிக்கொண்டு போனால், எந்தப் பெட்டியில் எழுதுகிறோம் என்பது கையால் தெரியும். கணினியில் ஓடும் வேகத்தில் அது கண்ணில் படாது.

பிள்ளைகளே, எழும்ப முன்னம் இதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஆக்குநர் சரியாக எழுதப்பட்டிருக்கிறது, பயணிகள் பட்டியல் ஆக்குநருக்குள்ளேதான் இருக்கிறது.

பஸ்1 = வாகனம்("62-1234")
பஸ்2 = பஸ்1
பஸ்1.ஏற்று("கண்மணி")
பஸ்1 = வாகனம்("62-5678")
பஸ்1.ஏற்று("செல்வம்")

இப்போது பஸ்2இல் இருப்பது யார்? அதன் இலக்கம் என்ன? மொத்தம் எத்தனை வாகனம் இருக்கின்றன? முதலில் பெட்டியும் அம்பும் போட்டு விடையை எழுதுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். தாளும் திரையும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தாளோடு வாருங்கள். கணினி அறை நாலரை மணிவரை திறந்திருக்கும்.